கவர்னர் என்று ஓடிய ஃபன் லேடி

நடந்தது இதுதான்:

1. திங்கட்கிழமை காலை ஒரு சின்ன வெள்ளைக் கார் பரிசோதனைக்கு வந்தது. பின்பக்கம் நசுங்கியிருந்தது. முச்சக்கர வண்டி ஒன்று வந்து இடித்ததாக உரிமையாளர் சொன்னார்.

2. பின்கதவைப் பார்த்தேன். காரின் பெயர் எழுத்துகளில் பாதி உதிர்ந்திருந்தன. உதிர்ந்த இடத்தில் பசையின் தடம். அந்தத் தடத்துக்கு அடியில் இன்னொரு தடம், வேறு எழுத்துகளுக்கு உரியது.

3. வாகனப் புத்தகத்தில் ஒரு பெயர், காரில் இன்னொரு பெயர். உரிமையாளரிடம் கேட்டேன். "அது முந்தி வச்சிருந்த ஆள் மாத்தினது மிஸ். இது நல்ல பேர்தானே" என்றார்.

4. பெற்றோல் நனைத்த துணியால் பசையைத் துடைத்து, அடியில் இருந்த பெயின்ற் பழையதா புதியதா என்று பார்த்தேன். பழையது.

5. "பெயர் எழுத்துகள் மாற்றப்பட்டுள்ளன, சேதத்துடன் தொடர்பில்லை" என்று அறிக்கையில் எழுதி அனுப்பினேன்.

6. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பெற்றோல் வாசனை போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பி வீட்டுக்குக் கொண்டு போனேன்.

என் வேலை, நட்டஈடு கொடுக்க முதல் இடிபட்ட கார்களைப் பார்ப்பது. கல்கிசையில் ஒரு காப்புறுதிக் கந்தோர். பத்து மணிக்குள் மூன்று கார்கள் வந்துவிடும், மூன்றிலும் மூன்று விதமான பொய்கள் இருக்கும். பொய்களில் எனக்குக் கோபம் இல்லை, இத்தனை வருடத்தில் அது தேய்ந்துவிட்டது. கார்களின் பெயர்கள்தான் இன்னும் கொஞ்சம் வேடிக்கை. ஜப்பானில் உள்ளூர்ப் பாவனைக்கென்று செய்கிற சின்னக் கார்களுக்கு அவர்கள் ஆங்கிலச் சொற்களை எடுத்து வைக்கிறார்கள். எடுத்து வைக்கிறார்கள் என்றால், கடையில் கைக்கு எட்டினதை எடுத்துக் கூடைக்குள் போடுகிற மாதிரி. சண்டே சலட் என்று ஒரு கார் வந்தது. மை பொக்கெட் என்று ஒன்று. ஹலோ கசின் என்று ஒரு வானை மாளிகாவத்தையில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவர் கொண்டுவந்தார். படிவத்தில் நான் இவற்றையெல்லாம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும். செய்வேன். பழகிவிட்டது.

முதலில் இருந்த கார்களின் பெயர்கள் இப்படி இல்லை. வெள்ளைக்காரன் விட்டுப் போன காலத்து வண்டிகளுக்கு அவனுடைய ஊர்ப் பெயர், பிரபுவின் பெயர் இருக்கும். எங்கள் வீட்டில் இருந்த பழைய காரின் பெயர் வெஸ்ட்மோர். அது இங்கிலாந்தில் எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அப்பா அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அதை வெஸ்ட்மோர் என்று சொன்னதில்லை. இலக்கத் தகட்டைப் பார்த்து "எட்டு ஸ்ரீ" என்பார்கள். "எட்டு ஸ்ரீ இன்னும் கிளம்பேல்லையோ" என்று எதிர்வீட்டு மாமி காலையில் கேட்பது அப்பாவைக் குத்துவதற்கு. கிளம்பாத நாட்கள்தான் அதிகம்.

எட்டு ஸ்ரீ ஓடிய முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து கடலுக்கு லேசாக இறங்கும். அப்பா எப்போதும் காரை மேல் முனையில், கடலைப் பார்த்தபடி நிறுத்துவார். காலையில் பிறேக்கை விட்டால் தானாக உருளும், கொஞ்சத் தூரம் உருண்டதும் கியரைப் போட்டுக் கிளச்சை விட, இருமிக்கொண்டு ஸ்டார்ட் ஆகும். ஆகாவிட்டால் தண்டவாளம் வந்துவிடும். தண்டவாளம் வந்தால் ஒழுங்கையில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் சேர்ந்து மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். அண்ணாவும் நானும் பள்ளிக்கூடச் சட்டையோடு தள்ளியிருக்கிறோம். கடற்காற்றின் உப்பு காரின் தரையைத் தின்று, பின் இருக்கைக்குக் கீழே ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அதற்குள்ளால் ஓடுகிற றோட்டைப் பார்க்கலாம். ஒரு நாள் பம்பலப்பிட்டியில் அண்ணாவின் செருப்பு அதற்குள் விழுந்துவிட்டது. அவன் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் இறங்கும்போதுதான் அம்மா செருப்பில்லாத ஒற்றைக் காலைப் பார்த்தார்.

கொட்டாஞ்சேனை அம்மாவின் ஊர். அம்மா வேதக்காரர். அப்பா யாழ்ப்பாணத்துச் சைவம். அந்தக் கலியாணம் எப்படி நடந்தது என்பது தனிக்கதை, அதை இதற்குள் இழுக்க எனக்கு இப்போது தெம்பில்லை. காருக்குள் இரண்டும் இருந்தன என்று மட்டும் சொல்கிறேன். ஸ்டியரிங்கில் விபூதிப் பூச்சு, கண்ணாடிக்கு மேலே புனிதர் ஒருவரின் சின்னப் படம்.

அண்ணாவுக்காகத்தான் அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்தது. சண்டைக் காலம். அண்ணா கணக்கியல் படித்தான். பின்னேர வகுப்பு கொட்டாஞ்சேனையில். பஸ்ஸில் போனால் வழியில் இரண்டு மூன்று இடத்தில் இளம் ஆண்களை இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஏற்றுவார்கள், சிலரை ஏற்ற மாட்டார்கள். அண்ணாவின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அப்பா அப்போது அங்கே அரசாங்க வேலையில் இருந்தார். நான் பிறக்கும்போது கொழும்புக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. ஒரே வீடு, ஒரே சோறு, இரண்டு அட்டை. அம்மாவுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்: அண்ணாவை ஒரு நாள் இறக்குவார்கள், ஏற்ற மாட்டார்கள். அதனால் அப்பா ஓய்வு பெற்ற பிறகு அண்ணாவின் சாரதியானார். பின்னேரம் கொண்டுபோய் விடுவார், மாமா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருப்பார், திருப்பி ஏற்றிக்கொண்டு வருவார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. மணல் மூட்டை, மஞ்சள் கறுப்புப் பெயின்ற் அடித்த தார்ப் பீப்பாய்கள். அந்த இடத்துக்கு வரும்போது எட்டு ஸ்ரீ அனேகமாக நின்றுவிடும். பழைய கார்களில் அது சகஜம். வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து போனால், என்ஜினுக்குப் போகிற குழாய்க்குள்ளேயே பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் காற்றைத்தான் இழுக்கும். மருந்து ஒன்றுதான், ஈரத்துணியைக் குழாயில் சுற்றிவிட்டுக் காத்திருப்பது. அப்பா ஒரு போத்தல் தண்ணீரும் பழைய சாரத் துண்டும் முன் இருக்கைக்குக் கீழே வைத்திருப்பார். சூடான இரும்பில் ஈரத்துணி படும்போது வருகிற வாசனை, சோறு அடிப்பிடித்த மாதிரியும் இருக்கும், மழை மாதிரியும் இருக்கும்.

முதல் தடவை நின்றபோது ஆமிக்காரர்கள் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நகராத கார் என்றால் அந்த நாட்களில் வேறு அர்த்தம். அப்பா கைகளைத் தூக்கிக்கொண்டே பொனட்டைத் திறந்து காட்டினார். ஐந்தாவது ஆறாவது தடவைக்குள் அவர்களுக்கு அலுத்துவிட்டது. எங்களைத் தூரத்தில் கண்டதுமே ஒருவன் தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு வருவான். அனுராதபுரப் பக்கத்துப் பையன், அண்ணாவைவிட ஒரு வயது கூட இருக்கலாம்.

"இண்டைக்கும் தாகமோ அங்கிள், இந்தக் கிழவிக்கு?" என்று சிங்களத்தில் கேட்பான்.

"அவளுக்கு உங்களைப் பார்க்காட்டிப் பொழுது போகாது" என்று அப்பாவும் சிங்களத்தில் சொல்வார். பதவி உயர்வுக்காகப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணின சிங்களம். கந்தோர்க் கடிதம் மாதிரி இருக்கும்.

பிறகு இரண்டு பேர் பின்னால் நின்று தள்ளுவார்கள். அண்ணாவும் இறங்கித் தள்ளுவான். "மல்லி, நீ வடிவாத் தள்ளு, எங்களை மட்டும் நம்பாத" என்று அவனைக் கிண்டல் பண்ணுவார்கள். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. தள்ளுகிற பையனிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. அது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அம்மாவிடம் அப்பா சொன்னதெல்லாம், இந்தக் கார் ஒரு நாள் எங்களைக் காட்டிக்கொடுக்கும், நிற்கக் கூடாத இடத்தில் நிற்கும், வேறு கார் வாங்க வேண்டும் என்பதுதான்.

நான் அப்போது மருதானையில் மோட்டார் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரே பெண். வீட்டில் கார் சம்பந்தமான கேள்வி என்றால் என்னிடம் வரும். நான் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். எனக்கு அது வியாதி, சமையலறைக்குப் போனாலும் பட்டியலோடுதான் போவேன். ஜப்பான் கார், ஏனென்றால் உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். கதவின் அடிவிளிம்பைத் தட்டிப் பார்க்க வேண்டும், துருக்கறள் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கக் கூடாது. வெள்ளை நிறம், ஏனென்றால் கொழும்பில் வெள்ளைக் காரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பா வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "எனக்கு ஒண்டுதான் வேணும் பிள்ளை. வழியில நிக்கப்படாது. தம்பியை ஏத்தினா வீட்டு வாசல்லதான் நிக்க வேணும்" என்றார். அண்ணாவை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

கிராண்ட்பாஸில் ஒரு கார் யார்ட். கப்பலில் வந்து இறங்கிய கார்கள் வரிசையாக நின்றன, உள்ளே இன்னும் ஜப்பான்காரருடைய சிகரெட் மணம். என் பட்டியலுக்குச் சொல்லிவைத்த மாதிரி ஒரு கார். கதவுகளைத் தட்டினேன், நல்ல சத்தம். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆனதே தெரியவில்லை, முள் எழும்பியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அம்மா பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, தரையில் ஓட்டை இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்தார்.

அப்பா காரின் பின்பக்கம் போனார். வெகுநேரம் அங்கேயே நின்றார்.

"பிள்ளை, இஞ்ச வா. இது என்ன பேர்?"

வளைந்து வளைந்து எழுதிய வெள்ளி எழுத்துகள். ஃபன் லேடி. கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ரோசா நிறத்தில் ஒரு சின்னப் பூ.

"ஜப்பான்காரர் அப்பிடித்தான் வைப்பினம் அப்பா. என்ஜின் நல்லம்."

"என்ஜின் உள்ளுக்கெல்லே இருக்கு. பேர் வெளியில இருக்கு."

அம்மா இறங்கி வந்து பார்த்தார். "லேடி எண்டுதானே போட்டிருக்கு. மரியாதையான சொல்லுத்தானே."

"முதல் சொல்லை வாசியும்" என்றார் அப்பா.

அண்ணா காருக்கு மறுபக்கம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். "தங்கச்சி லைசென்ஸ் எடுக்கட்டும் அப்பா. அவளுக்குப் பொருத்தமா இருக்கும்."

"நீதான் தினம் ஏறிப் போகப்போறாய். லேடி வந்திட்டா எண்டு உன்ர வகுப்பில சொல்லுவாங்கள்" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. கலியாணம் கட்டாத பெண் பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் இப்படி ஒரு பெயரை எழுதி நிறுத்துவதா என்பது அவருடைய கவலை. எதிர்வீட்டு மாமியும் அவருடைய மனதில் வந்திருப்பார். கார் தவறிப் போய்விடும் போலிருந்தது. அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த மாமா, அன்று எங்களோடு வந்திருந்தார். எத்தனையோ கார்கள் கப்பலிலிருந்து இறங்குவதைக் கண்ட மனிதர்.

"இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே அத்தான். இதே கார் வேற நாட்டுக்குக் கவர்னர் எண்ட பேரில போகுது. பஞ்சிகாவத்தையில அந்த எழுத்து இருக்கு. கழட்டிட்டு ஒட்டினாச் சரி. கொழும்பில ஆர் ஒட்டாம வச்சிருக்கிறான்?"

அது உண்மை. கொழும்பில் காரின் பின்பக்கத்தை அந்த நாட்களில் யாரும் நம்புவதில்லை. சின்ன என்ஜின் கார் பெரிய என்ஜினின் எழுத்தை ஒட்டிக்கொண்டு போகும். ஒரு கொம்பனியின் கார் இன்னொன்றின் முத்திரையோடு ஓடும். அதைத் தப்பு என்று நினைப்பதே இல்லை, கலியாணத்துக்குக் கழுத்துப்பட்டி கட்டுகிற மாதிரி. அப்பா "கவர்னர்" என்று ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முப்பது வருடம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிய மனிதர். முகம் தெளிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டு முற்றத்தில் அந்த வேலை நடந்தது. மாமாவின் மனைவி தலைமயிர் காயவைக்கும் மெஷினால் எழுத்துகளைச் சூடாக்கி, மீன் பிடிக்கிற தங்கூசி நூலைப் பின்னால் கொடுத்து அறுத்தால் கழன்றுவிடும். மாமா அறுத்தார், நான் சூடு காட்டினேன், அண்ணா பெற்றோல் துணியோடு நின்றான். அம்மா, கழன்ற எழுத்துகளை எறிய மனமில்லாமல், பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு வைத்தார். அப்பா அடிமட்டமும் பென்சிலும் கொண்டுவந்து கோடு போட்டார். கவர்னர் ஒரு மயிரிழையும் சாயாமல் ஒட்டிக்கொண்டார். அன்றைக்குக் கோழிக்கறி.

கார் எங்கும் நிற்கவில்லை. வெயிலில் நிற்கவில்லை, மழை வெள்ளத்தில் நிற்கவில்லை. அப்பா தண்ணீர்ப் போத்தலையும் துணியையும் எடுத்துவிட்டார். சாவடியில் கை காட்டினால் மெல்ல வந்து, போ என்றால் சத்தமில்லாமல் போய்விடும். தண்ணீர்க் கான் பையன் முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கிழவி எங்கே அங்கிள்?" என்று கேட்டான். விற்றுவிட்டோம் என்றார் அப்பா. அவனுக்கு ஏமாற்றம் மாதிரி இருந்தது. பிறகு அவனுக்கும் எங்களுக்கும் கதை குறைந்துவிட்டது. கண்ணாடி ஏற்றிய கார், உள்ளே குளிர்காற்று. எதற்குக் கதைப்பது?

சில மாதம் கழித்து நகரத்தில் குண்டு வெடித்தது. சாவடியில் எல்லா முகங்களும் மாறின.

வெடித்து நாலைந்து நாளில், ஒரு பின்னேரம், நானும் காரில் இருந்தேன். அண்ணாவைக் கொட்டாஞ்சேனையில் எடுத்துவிட்டு, மருதானையில் வகுப்பு முடிந்து நின்ற என்னையும் ஏற்றிக்கொண்டு அப்பா வந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. புதிய சார்ஜன்ட் ஒருவர் கை காட்டினார். வாகனப் புத்தகத்தைக் கேட்டார். வாங்கிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் போனவர் அங்கே நின்றுவிட்டார்.

"இது வேறு கார்" என்றார் சிங்களத்தில்.

"இதே கார்தான் சேர்" என்றார் அப்பா.

"புத்தகத்தில் ஃபன் லேடி. இங்கே கவர்னர்."

அப்பா இறங்கினார். தன்னுடைய பரீட்சைச் சிங்களத்தில் விளக்கினார். இந்த வாகனத்தின் மூலப் பெயரானது குடும்பத்தவர்க்கு உகந்ததாக இருக்கவில்லை, ஆகையினால் அது மாற்றப்பட்டது. பின்னால் நின்ற இளம் ஆமிக்காரன் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார்ஜன்ட் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். முகம் இறுகியது.

நான் இறங்கி, பொனட்டைத் திறக்கலாமா என்று கேட்டேன். பெயர் ஒட்டுவது யாராலும் முடியும், அடிச்சட்ட இலக்கம் இரும்பில் வெட்டியிருக்கிறது, அதைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள் என்றேன். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரியே சொன்னேன். அவர் டோர்ச் அடித்து இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு போனேன். எல்லாம் பொருந்தியது. எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட எழுந்தது.

"கார் சரி" என்றார் சார்ஜன்ட். பொனட்டை அவரே மெதுவாக மூடினார். பிறகு உள்ளே குனிந்து பார்த்தார். "இந்தப் பையன் யார்?"

அண்ணா அட்டையைக் கொடுத்தான். சார்ஜன்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரைப் பொய்யாக ஒட்டியிருக்கிற கார், உள்ளே யாழ்ப்பாணத்தில் பிறந்த பையன், வெடித்து இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை. அவருடைய இடத்தில் இருந்து யோசித்துப் பார்க்க நான் பிறகு பல தடவை முயன்றிருக்கிறேன். முடிகிறது. அதனால் ஒன்றும் குறையவில்லை.

ஜீப் ஒன்று வந்தது. அண்ணா அதில் ஏறினான். "நானும் வாறன்" என்று அப்பா தமிழில் சொன்னார், பிறகு சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் காரைக் காட்டினார். இங்கே வாகனம் விட முடியாது, எடுங்கள். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது லைசென்ஸ் இல்லை. "யன்ன, யன்ன, எடுத்துக்கொண்டு போங்க" என்று பின்னால் ஹோர்ன் சத்தங்களுக்கு நடுவே ஆமிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள்.

அப்பா ஏறி உட்கார்ந்தார். ஜீப் இன்னும் எங்களுக்கு முன்னால் நின்றது. அண்ணாவின் தலை அதன் பின் இருக்கையில் தெரிந்தது. அப்பா சாவியைப் பிடித்துக்கொண்டு இருந்தார், திருப்பாமல். அவர் என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தது. எட்டு ஸ்ரீ என்றால் இந்த இடத்தில் செத்திருக்கும். எத்தனை துவக்கைக் காட்டினாலும் அசைந்திருக்காது. இறங்கித் தள்ள ஆள் தேவைப்பட்டிருக்கும்.

ஒருவன் கண்ணாடியில் தட்டினான். அப்பா சாவியைத் திருப்பினார். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது.

நாங்கள் போய்விட்டோம். இடது பக்கம் திரும்பும்போது அப்பா சிக்னல் போட்டார். எனக்கு அந்தச் சிக்னல் சத்தம்தான் நினைவில் இருக்கிறது.

அண்ணாவை விட்டார்கள். மாமாவும் கொட்டாஞ்சேனைப் பாதரும் பொலிஸ் நிலையத்துக்குப் போய், இருந்து, எழுந்து, மறுபடி போய், எங்கள் பையன்தான் என்று கையெழுத்து வைத்தார்கள். அதற்குள் சில நாட்கள் போயிருந்தன. அவன் மாமாவோடு பஸ்ஸில் வந்தான். நன்றாகச் சாப்பிட்டான். உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. காதில் ஏதோ இரைகிறது என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னான். காரில் ஏற மாட்டேன் என்றான். வகுப்பையும் விட்டுவிட்டான்.

"எங்கயாவது போகட்டும்" என்றார் அம்மா. "எனக்குப் பக்கத்தில இருக்க வேணாம். உயிரோட இருந்தாக் காணும்."

துறைமுகத்தில் மாமாவுக்குப் பழக்கமான ஆட்கள் அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப உதவினார்கள். அண்ணா விமான நிலையத்துக்கு வாடகை வானில் போனான். அப்பா வாசல் வரைக்கும் வந்தார். பயணப் பெட்டியைத் தூக்கி வானுக்குள் வைத்தார். "கவனம் தம்பி" என்றார். அண்ணா "ஓம்" என்றான். நான் இதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அவன் போய்க் கொஞ்ச நாளில், ஒரு காலை நான் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அப்பா காரின் பின்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் பிஸ்கட் தகரம், அடிமட்டம், பென்சில். கவர்னரைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தார். நூல் இல்லாமல் கத்தியால் சுரண்டியதில் பெயின்றும் போயிருந்தது. வளைந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பசை தடவி வைத்துக்கொண்டிருந்தார்.

"பூ எங்க பிள்ளை?" என்றார்.

தகரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதையும் ஒட்டினார். எதிர்வீட்டு மாமி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றார். குனிந்து அடுத்த துணியை எடுத்து உதறினார். அதன் பிறகு பல வருடங்கள் அப்பாவும் அம்மாவும் ஃபன் லேடியில்தான் கொட்டாஞ்சேனைக்குக் கோயிலுக்குப் போய் வந்தார்கள். கார் ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. கண்ணில் வெள்ளை படர்ந்து, ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு அப்பா அதை விற்றார்.

இப்போது அந்தச் சாவடி இல்லை. மணல் மூட்டைகள் இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். கிராண்ட்பாஸ் யார்டில் மாடிவீடுகள் எழும்பிவிட்டன. பழைய ஒழுங்கை முனையில் பார்க்கிங் கட்டணம் எடுக்க ஒருவர் நிற்கிறார், கடலைப் பார்த்து நிறுத்த அவர் விடுவதில்லை. என் வகுப்பில் படித்தவர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில் பற்றரிக் கார் திருத்துகிறார்கள். எட்டு ஸ்ரீயைத் தள்ளின பையன்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது. அண்ணாவை மல்லி என்று கூப்பிட்டவன் சண்டை முடியும் வரைக்கும் இருந்தானோ இல்லையோ, பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

போன மாதம் மாமா வந்திருந்தார். இன்னும் அதே வேகம். "கண் ஒப்பரேஷன் செய்தாச்சுத்தானே அத்தான். மகளும் இந்தத் தொழிலில இருக்கிறா. ஒரு சின்னக் கார் எடுத்தா என்ன?"

"எங்க போறதுக்கு?" என்றார் அப்பா.

மாமா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பா பத்திரிகையைப் பிரித்தார்.

இப்போதைய நிலைமை: அண்ணாவுக்கு அவன் போன நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அவன் வரலாம். இன்னும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் அங்கே போவதற்கு விசா கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள், மறுபடி கேட்டிருக்கிறோம். வெள்ளவத்தை வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். வீட்டில் கார் இல்லை.